கடைக்காரர் கொடுத்த வண்டி... கட்டிலுக்கே வரும் மருத்துவம்!

"இனிமே செய்ய ஒண்ணுமில்லே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

புற்றுநோய் முற்றிய ஒருவரின் குடும்பத்தாரிடம் இப்படிச் சொல்வதை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். சரி, கூட்டிக்கொண்டு வந்தாச்சு. அப்புறம்? ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் துடிப்பார். முதுகில் படுக்கைப்புண் வைக்கும். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். அதை மாற்ற அவரைத் தூக்கி, வாடகைக் காரில் கிடத்தி, குலுங்கக் குலுங்கப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், வரிசையில் காத்திருக்க வேண்டும். நோயைவிட அந்தப் பயணம் கொடுமை!

நோயாளியைத் தூக்கிக்கொண்டு மருத்துவத்தைத் தேடிப் போவதற்குப் பதில், மருத்துவமே அவரைத் தேடி வந்தால் என்ன? பக்கத்து மாநிலமான கேரளத்தில் அது நடக்கிறது. ஊர்க் கடைக்காரர்களும் வியாபாரிகளும் வண்டி கொடுத்து அதற்குத் தோள் கொடுக்கிறார்கள்.

தீராத நோய் என்றால்...

சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு நோயைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்க்கும் 'நெய்க்குறி'யும் அதற்கு உதவும் ஒரு வழி. ஆனால் 'அசாத்தியம்' என்ற சொல்லுக்கு 'கைகழுவி விடு' என்று பொருள் இல்லை. நோயைத் தீர்க்க முடியாவிட்டால் போகட்டும். வலியைக் குறைக்கலாம், புண்ணை ஆற்றலாம், பயத்தைப் போக்கலாம், பணிவிடை செய்து களைத்துப்போன குடும்பத்துக்குத் துணை நிற்கலாம். இதைத்தான் 'பாலியேட்டிவ் கேர்', அதாவது ஆதரவு சிகிச்சை என்கிறார்கள்.

உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறதாம்!

கோழிக்கோட்டில் தொடங்கியது

1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியில் வலி தணிப்புக்கான புற நோயாளிப் பிரிவு தொடங்கியது. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவர் எப்படி வருவார்? அதனால் வீடு தேடிப் போகும் பழக்கம் வந்தது. 2001-ல் மலப்புரம் உள்ளிட்ட வட மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்துச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு உருவானது. 2008-ல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அதன்பின் பஞ்சாயத்துகளும் செவிலியரை அமர்த்தி வீடு தேடி அனுப்புகின்றன.

இந்த ஊர் அமைப்புகள் பெருந்தனக்காரர்களை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. கடை மேஜையில் வைக்கும் உண்டியல், மாணவர்கள் திரட்டும் சில்லறை, ஒருவர் தரும் அரிசி மூட்டை என்று சிறுகச் சிறுகச் சேர்வதே அவற்றின் பலம்.

வண்டிக்குள் என்ன இருக்கும்?

பெரிய ஆம்புலன்ஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். சந்து பொந்திலும் மேட்டுப் பாதையிலும் ஏறக்கூடிய ஒரு வேனோ ஜீப்போ போதும். செவிலியர், ஊர்த் தொண்டர், ஓட்டுநர், சில நாட்களில் மருத்துவர். பையில் புண் கட்டும் துணி, சிறுநீர்க் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய், மருந்துகள். பின்னால் காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும். ஒரே நாளில் பல வீடுகளை எட்டிவிடலாம். வண்டி இல்லையென்றால்? செவிலியர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும்!

கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரையும் உண்டு. 'ஐயோ, அபினியா!' என்று பதற வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அடிமையாகிவிடுவது அரிது. மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். ஒரு சித்த மருத்துவனாக உங்களுக்குச் சொல்கிறேன்: இந்த நிலையில் நாட்டு மருந்தை நம்பி அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கஷாயம் கொடுப்பதானாலும் அந்தக் குழுவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

நீங்கள் வியாபாரியா? உங்களுக்குத்தான் இது

வண்டி கொடுப்பது ஒரு நாள் விழா. ஓட்டுவது தினப்படிச் செலவு. அதனால் கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

* முழு வண்டியும் தர முடியாதா? வாரத்தில் ஒரு நாள் ஓட்டுநரோடு அனுப்புங்கள். நாள் மாறாமல் அனுப்புவது முக்கியம். வியாழக்கிழமை வரும் என்று ஒரு நோயாளி காத்திருப்பார்.

* பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் எரிபொருளையும், மெக்கானிக் பழுதுபார்ப்பதையும், டயர்க்கடைக்காரர் டயரையும் ஏற்கலாம். சுமை பிரியும்போதுதான் வண்டி நிற்காமல் ஓடும்.

* பழைய வண்டியானால் முதலில் நன்றாகப் பழுது பார்த்துக் கொடுங்கள். ஓடாத வண்டி தானமல்ல, தலைவலி!

* ஆர்.சி. புத்தகத்தை அமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருளாகக் கொடுத்தால் வருமான வரிக் கழிவு கிடைக்காது. காசோலை போன்ற வழியில் பணமாக, அதுவும் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் கிடைக்கலாம். ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* வண்டி முழுக்க கடை விளம்பரம் வேண்டாமே! 'புற்றுநோய்' என்று பெரிதாக எழுதவும் வேண்டாம். வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும். தன் நோய் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவரும் உண்டு.

தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ படுக்கையில் ஒருவர் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே விசாரியுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ, அவ்வளவு வலி மிச்சம்.

அங்கே போகும்போது, 'வீட்டுக்குப் போய்ப் பார்க்க உங்களுக்கு வண்டி வசதி இருக்கா?' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால், உங்கள் கடை வண்டி எந்தக் கிழமையில் சும்மா நிற்கிறது என்று யோசித்துப் பாருங்களேன்!