கம்பெனிப் பந்தும் ஊர்ப் பந்தும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பிரதேசமெங்கும் பரவியுள்ள தோல் தொழிலைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் கூலி, போனஸ், கழிவு நீர் ஆகிய மூன்று விஷயங்களையே பேசி வந்திருக்கிறோம். இன்று கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். ஆனால், வேலையும் உறக்கமும் போக மிஞ்சும் பொழுது தொழிலாளிக்குச் சொந்தமா, முதலாளிக்குச் சொந்தமா என்ற கேள்வி, கூலியைப் பற்றிய கேள்விக்கு இளைத்ததன்று.

உள்ளூர்த் தொழிற்சாலைகள் தங்கள் பெயரால் கால்பந்துக் கோஷ்டிகளை நிறுவி நடத்த வேண்டும் என்பது நம் இளைஞர் பலருடைய ஆசை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் முதல், இன்று கடல் கடந்த நாடுகளுக்குக் காலணி தைத்தனுப்பும் காலம் வரை, இத்தொழிலில் திரண்ட செல்வம் பெரிது. அதில் ஒரு சிறு துளி மைதானத்துக்கு வரட்டும் என்று கேட்பதில் குற்றமொன்றுமில்லை. நாமும் அதை எதிர்ப்பவரல்லோம். ஆயினும் கம்பெனி வளர்த்த கோஷ்டிகளின் சரித்திரத்தை அறிந்த பின்னரே இவ்விஷயத்தில் இறங்குதல் நலம்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். பென்ஸில்வேனியா மாகாணத்தில் பெத்லெஹெம் என்றோர் எஃகு நகரம். அங்கே 1907-ஆம் வருஷத்தில் கால்பந்து விருப்பமுள்ள சிலர் தாமே கூடி ஒரு கோஷ்டி அமைத்தனர். சில வருஷங்களுக்குள் பெத்லெஹெம் எஃகுக் கம்பெனி அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய யுத்தத்தால் கம்பெனியில் பணம் பெருகிய காலம் அது. ஸ்காட்லாந்திலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். 1915, 1916, 1918, 1919, 1926 ஆகிய ஐந்து வருஷங்களில் அந்நாட்டின் தேசீயக் கோப்பை அவர்கள் கைக்கு வந்தது. ஆர்ச்சி ஸ்டார்க் என்ற வீரர் 1924-25 பருவத்தின் லீக் பந்தயங்களில் மட்டும் 67 கோல் போட்டார்.

இப்புகழுக்கு மறுபுறமும் உண்டு. 1919-ல் இக்கோஷ்டி ஸ்வீடன் தேசத்துக்கு யாத்திரை சென்று வெற்றிக் கொடி நாட்டியது. அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்க எஃகுத் தொழிலாளர் சுமார் மூன்றரை லட்சம் பேர் எட்டு மணி வேலையும் சங்க அங்கீகாரமும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். பெத்லெஹெம் தொழிலாளரும் அதில் கலந்துகொண்டனர். பந்துக்குப் பணம் தந்த முதலாளி வர்க்கம் சங்கத்துக்கு இடம் தரவில்லை. 1920 ஜனவரியில் அப்போராட்டம் தோல்வியில் முடிந்தது. 1921-ல், உள்ளூரில் கூட்டம் போதவில்லையென்று கோஷ்டியையே பிலடெல்பியாவுக்குப் பெயர்த்தனர். மறு வருஷமே திருப்பிக் கொணர்ந்தனர். ஊராரைக் கேட்டா செய்தார்கள்? 1930-ல் பொருளாதார மந்தம் சூழ்ந்த வேளையில் கோஷ்டி கலைக்கப்பட்டது. ஊரில் பிறந்த பிள்ளையைக் கம்பெனி தத்தெடுத்தது, செல்லமாக வளர்த்தது, கஷ்டம் வந்தபோது கைவிட்டது.

இது அந்நிய தேசத்துக் கதையென்று ஆறுதல் கொள்வதற்கில்லை. பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகேயுள்ள பக்வாராவில் ஜே.சி.டி. என்னும் பஞ்சாலைக் கம்பெனி 1971-ல் தன் கோஷ்டியைத் தொடங்கியது. 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுச் சாமான் தொழிலாளர் குடியேறிய ஜலந்தரில் பந்து தைப்பதே ஒரு பெருந்தொழில். அந்த மண்ணில் ஜே.சி.டி. வேரூன்றி வளர்ந்தது. கேரளத்து ஐ. எம். விஜயனும் சிக்கிமைச் சேர்ந்த பாய்ச்சுங் பூட்டியாவும் அதன் சட்டையணிந்து ஆடினர். 1996-97-ல் நடந்த முதல் தேசீய லீக் பட்டம் கல்கத்தாவுக்கோ கோவாவுக்கோ போகவில்லை. இந்த ஆலைக் கோஷ்டிக்கே கிடைத்தது. 2011-ல் அது லீக்கின் முதல் வகுப்பிலிருந்து கீழிறங்கிற்று. அவ்வருஷமே நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டது. செலவுக்கேற்ற விளம்பரப் பயன் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணத்தின் சாரம். பம்பாயில் 1962 முதல் ஆடிவந்த மஹிந்திரா கோஷ்டி 2005-06-ல் தேசீய லீக்கை வென்றது. 2010-ல் அதுவும் மூடப்பட்டது.

கம்பெனிகளால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற ஸ்தாபனங்களின் கோஷ்டிகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு உத்தியோகமும் கௌரவமும் தேடித் தந்திருக்கின்றன. நமது ஆக்ஷேபம் கொடையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. கணக்குப் புத்தகத்தில் விளம்பரச் செலவாக எழுதப்பட்ட கோஷ்டி, விளம்பரம் வேண்டாதபோது செலவாகவே அடிக்கப்படும். இதில் முதலாளியின் குணதோஷத்தை ஆராய்வது வீண். அவர் உத்தமராகவே இருக்கட்டும். அவருக்குப் பின் வருபவரும் உத்தமராயிருப்பார் என்பதற்கு என்ன ஜாமீன்?

ஊரார் உறுப்பினராயுள்ள சங்கத்தின் பலம் வேறு. 1889-ல் கல்கத்தாவில் தோன்றிய மோகன் பகான் சங்கம், 1911 ஜூலை 29-ந் தேதி கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதையும், அக்கோஷ்டியில் ஒருவர் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலுடன் ஆடியதையும் தேசாபிமானிகள் அறிவர். அச்சங்கமும் பணமுடை காரணமாக 2020-ல் ஒரு கம்பெனியுடன் சேர நேர்ந்தது. பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்ற அயலெழுத்துகள் ஒட்டிக்கொண்டன. அபிமானிகள் சும்மா இருந்தார்களா? அவ்வெழுத்துகளை நீக்குமாறு இடைவிடாது கிளர்ச்சி செய்தனர். 2023-ல் அவை நீங்கின. பணம் கம்பெனியுடையதாயிருந்தும் பெயரும் நிறமும் ஊருடையனவாக நின்றன. பக்வாராவில் இவ்வாறு கேட்க உரிமை படைத்த உறுப்பினர் இருந்தாரில்லை.

சட்டமும் இவ்வழியையே காட்டுகிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சிற்றுண்டிச் சாலையையும் இளைப்பாறும் அறையையும் குழந்தைக் காப்பிடத்தையும் கட்டாயமாக்கியது. மைதானத்துக்கு அதன் தொழிலாளர் நல அத்தியாயத்தில் இடமிருக்கவில்லை. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டமோ, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டுமென விதித்து, அத்தகைய செலவுகளில் விளையாட்டுப் பயிற்சியையும் சேர்த்திருக்கிறது. ஆனால் கம்பெனியின் சொந்த ஊழியருக்கு மட்டும் செய்யும் செலவு அக்கணக்கில் சேராது. அதாவது, தன் பெயர் பொறித்த ஊழியர் கோஷ்டியைவிட, ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் பயிலும் சங்கத்துக்குக் கொடுப்பதே இச்சட்டத்தின்படி ஏற்கத்தக்க செலவு.

எனவே நமது யோசனை இது. ஆம்பூரிலும் வேலூரிலும் கோஷ்டி வேண்டுவோர் முதலாளி வீட்டு வாசலுக்குப் போகுமுன், சிறு சந்தாவுடன் ஒரு சங்கம் கூட்டி, 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்க. நிர்வாகிகளை உறுப்பினரே தேர்ந்தெடுக்க. கம்பெனிகள் தரும் பொருளை, இத்தனை வருஷத்துக்கு இவ்வளவு என்று எழுத்து மூலம் பெறுக. பெயரும் நிறமும் சங்கத்துக்கே உரியன என்பதை விதிகளில் பொறிக்க. மைதானம் எந்தக் கம்பெனியின் வேலிக்குள்ளும் இருத்தலாகாது. நகரசபையின் பொறுப்பில் இருக்கட்டும். இப்பிரதேசத்துக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெண்மக்களே மிகுதி. ஆகையால் அவர்களுக்கும் ஒரு கோஷ்டி முதல் நாளே அமைய வேண்டும். பின்னர் பார்ப்போம் என்பது கூடாது.

1996-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசு செய்தவரே பரிகாரச் செலவையும் ஏற்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் விதித்தது நம் பிரதேசத்தின் பெயரை நாடெங்கும் சட்டப் புத்தகங்களில் ஏற்றியது. ஆற்றுக்காக நியாயம் கேட்டு வழக்காடிய ஊர் இது. ஒரு மைதானத்துக்காகக் கைநீட்டி நிற்க வேண்டியதில்லை. கொடுப்பவர் கொடுக்கட்டும், நன்றியுடன் வாங்கிக்கொள்வோம். ஆனால் பந்து மட்டும் ஊரின் காலடியிலேயே இருக்கட்டும்.