அறுபது ஆண்டு தாமதித்த செய்தி

1945-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி காலையில், டோக்கியோ விரிகுடாவில் நின்ற 'மிஸௌரி' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஒரு மேஜை போடப்பட்டிருந்தது. அதன்மேல் விரித்திருந்த பத்திரங்களில் ஜப்பானியப் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். பல தேசத்து நிருபர்களும் புகைப்படக்காரர்களும் நூற்றுக்கணக்கில் அங்கே குழுமியிருந்தார்கள். யுத்தம் முடிந்த சமாசாரத்தை உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் கொட்டை எழுத்துக்களில் வெளியிட்டன. அதில் பொய் ஒன்றுமில்லை.

அந்தக் கப்பலுக்குப் போகாத நிருபர் ஒருவர் இருந்தார். வில்பிரட் பர்ச்செட் என்ற ஆஸ்திரேலியர். லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகைக்கு எழுதி வந்தவர். ஆகஸ்டு 6-ந் தேதி அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமா என்ன ஆயிற்று என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரே பிடிவாதம். அனுமதி கேட்டால் கிடைக்காதென்று அறிந்து, கேட்காமலே ரயிலேறிவிட்டார். வண்டி நிறைய, தோற்றுத் திரும்பும் ஜப்பானியச் சிப்பாய்கள். நேற்றுவரை பகைவனாயிருந்த ஒரு வெள்ளைக்காரன் அவர்கள் நடுவே ஒரு டைப்ரைட்டருடன் இருபது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தான் என்றால், அந்தப் பிரயாணம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஹிரோஷிமாவில் அவர் கண்ட இடிபாடுகள் பெரிய அதிசயமல்ல. குண்டு விழுந்த ஊர்களை அவர் முன்னமே பார்த்தவர். அவரைத் திகைக்க வைத்தது ஆஸ்பத்திரிதான். குண்டு விழுந்த அன்று உடம்பில் ஒரு கீறலும் படாமல் தப்பியவர்கள், நாலு வாரத்துக்குப் பிறகு தலைமயிர் உதிர்ந்து, ரத்தம் கசிந்து, மாண்டு கொண்டிருந்தார்கள். வைத்தியர்களுக்கு வியாதியின் பெயர்கூடத் தெரியவில்லை. இடிந்து கிடந்த ஒரு கல்லின்மேல் அமர்ந்து பர்ச்செட் இதை எழுதினார். செப்டம்பர் 5-ந் தேதி அது லண்டனில் பிரசுரமாயிற்று.

டோக்கியோ திரும்பியதும், ராணுவ அதிகாரிகள் நிருபர்களைக் கூட்டி வைத்து, கதிர்வீச்சால் யாரும் சாகவில்லையென்று விளக்கிக் கொண்டிருந்த இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தார். ஊர் நடுவேயுள்ள ஓடைக்குள் வரும் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று கேட்டாராம். நீர் ஜப்பானியரின் பிரசாரத்தில் மயங்கிவிட்டீர் என்று பதில் வந்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அதே வாரத்தில் அமெரிக்காவிலும் ஒரு சுற்றுலா நடந்தது. நியூ மெக்ஸிகோவில் அணுகுண்டைச் சோதித்த பாலைவனத்துக்கு நிருபர்களை அழைத்துச் சென்று, பாருங்கள், பயமொன்றுமில்லை என்று காட்டினார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் வில்லியம் லாரென்ஸ் அதை அப்படியே எழுதினார். அவர் அதற்கு முன்பே ராணுவ இலாகாவுக்காக அறிக்கைகள் தயாரித்தவர். நாகசாகிக்குக் குண்டு கொண்டுபோன விமானத்துடன் கூடச் சென்ற விமானத்திலிருந்து அது வெடித்ததைக் கண்டவர். அவருக்கு 1946-ல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. அவர் வேண்டுமென்றே பொய் எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் போய்ப் பார்த்த பாலைவனத்தில் ஊருமில்லை, ஆஸ்பத்திரியுமில்லை!

நாகசாகியின் கதை இன்னும் விசித்திரமானது. 'சிக்காகோ டெய்லி நியூஸ்' நிருபர் ஜார்ஜ் வெல்லர் தடையை மீறிச் செப்டம்பர் 6-ந் தேதி அங்கே நுழைந்தார். முதலில் எழுதிய குறிப்புகளில், இது மிகப் பெரிய குண்டு, அவ்வளவுதான் என்றே அவர் எண்ணினார். அவசர நிருபராயிருந்தால் அத்தோடு ஊர் திரும்பியிருப்பார். அவர் தங்கினார், ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பார்த்தார். பெயரறியாத அந்த வியாதியை 'எக்ஸ் வியாதி' என்று குறித்துப் பக்கம் பக்கமாக எழுதினார். எழுதியதையெல்லாம் முறைப்படி டோக்கியோவிலிருந்த தளபதி மக்ஆர்தரின் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஒரு வரிகூட வெளிவரவில்லை.

ஜப்பானியரும் தங்கள் ஊரின் கதியை எழுத முடியவில்லை. அந்த மாதமே பத்திரிகைகளுக்குக் கடுமையான விதிகள் வந்தன. உயிர் தப்பிய ஆறு பேரின் கதையை ஜான் ஹெர்ஸி எழுத, 1946 ஆகஸ்டு 31-ந் தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழ் முழுவதும் அதற்கே ஒதுக்கப்பட்டது. அமெரிக்கக் குடும்பங்கள் அதை வாசித்துக் கலங்கின; ஜப்பானிய மொழியில் அது 1949-ல்தான் வந்தது. அமெரிக்க ஆதிக்கம் 1952 ஏப்ரலில் நீங்கிய பிறகே, அவ்வாண்டு ஆகஸ்டில், 'அஸாஹி கிராப்' என்னும் படப் பத்திரிகை மூலம் அத்தேசத்து மக்கள் பலர் அந்தப் படங்களை முதல் முதலாகக் கண்டார்கள்.

வெல்லர் 2002-ல் காலமானார். தாம் எழுதியவை தொலைந்தே போயின என்று கடைசிவரை எண்ணியிருந்தார். அவர் மறைந்த பிறகு, இத்தாலியில் அவருடைய வீட்டிலிருந்த பழைய காகிதக் குவியலில் கார்பன் பிரதிகள் அவருடைய மகன் கைக்கு அகப்பட்டன. 2005-ம் ஆண்டு அவற்றின் ஒரு பகுதியை 'மைனிச்சி' என்னும் ஜப்பானியப் பத்திரிகை வெளியிட்டது.