காயத்தோடு எழுந்தவர்

மதுரை கோரிப்பாளையம் தர்காவை ஒட்டிய டீக்கடைக்கு வரும் தம்பி ஒருவர் அச்சகத்தில் காலண்டர் அடிக்கிறவர். எங்கள் விழா ஒன்றால் வருடாவருடம் தலைவலி என்று குறைபட்டுக்கொண்டார்.

"கிறிஸ்துமஸ் டிசம்பர் 25ன்னு அசையாம நிக்குது. உங்க ஈஸ்டர் மட்டும் ஏண்ணே ஓடிக்கிட்டே இருக்கு?"

"அழகர் ஆத்துல இறங்குறது மட்டும் வருசாவருசம் ஒரே தேதியிலயா வருது?" என்றேன்.

இரண்டுக்கும் நிலாதான் கணக்கு. யூதர்களின் பாஸ்கா பௌர்ணமியில் வரும் விழா. இயேசு சிலுவையில் இறந்தது அந்த விழாவை ஒட்டித்தான். அதனால் மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பிடித்து, அதற்கு அடுத்த ஞாயிறை ஈஸ்டர் என்கிறது திருச்சபை. எல்லா ஊரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்பது 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் எடுத்த முடிவு. ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டாது.

அந்தப் பௌர்ணமி பங்குனியில் விழுந்தால் தொல்லையில்லை. சித்திரையில் விழுந்தால் மதுரை திணறிப்போகும். 2019 ஏப்ரல் 18 எங்களுக்குப் பெரிய வியாழன். அன்றே மாசி வீதிகளில் மீனாட்சி தேர், அன்றே நாடாளுமன்றத் தேர்தல். மதுரையில் வாக்குப்பதிவை இரவு எட்டு மணி வரை நீட்டினார்கள். மறுநாள் பெரிய வெள்ளியன்று, டீக்கடையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஏ.வி. பாலத்தருகே அழகர் வைகையில் இறங்கினார். 2022 அதைவிட விசேஷம். ஏப்ரல் 16 காலையில் அழகர் ஆற்றில், பகல் முழுக்கப் பள்ளிவாசல் பக்கம் ரமலான் நோன்பு, இரவு எங்கள் கோயில்களில் பாஸ்கா திருவிழிப்பு. அன்றைக்கு ஆட்டோ கிடைத்தவன் பாக்கியவான்.

அந்த இரவில் கோயில் விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே முற்றத்தில் புதுத்தீ மூட்டுவார்கள். பாஸ்கா திரி என்கிற ஒரு பெரிய மெழுகுதிரியில் சாமியார் சிலுவை கீறி, அதன் நான்கு இடைவெளியிலும் அந்த ஆண்டின் நான்கு எண்களை எழுதுவார். அப்புறம் சிலுவையில் ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். கை இரண்டு, கால் இரண்டு, விலா ஒன்று. ஈஸ்டர் எதைப் பற்றியது என்பதற்கு அந்த ஐந்து மணிகளே போதும் என்பது என் எண்ணம். பிறகு வாசகங்கள் தொடங்கும். பழைய ஏற்பாட்டிலிருந்தே ஏழு உண்டு, நேரம் கருதிக் குறைப்பார்கள். செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் விட முடியாது. பெஞ்சில் தூங்கிப்போன பிள்ளைகளை வானவர் கீதத்துக்கு அடிக்கிற மணிதான் எழுப்பும். நூற்றாண்டுக் கணக்கில் இந்தச் சடங்கைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்துக்கொண்டிருந்தார்கள். 1951இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர்தான் இதை மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தார். பட்டப்பகலில் ஏற்றிய அந்தத் திரியை யார் பார்த்திருப்பார்கள்?

"ஆக, செத்தவர் திரும்பி வந்துட்டார். அதானே?"

பாதிதான் சரி. லாசரை இயேசு கல்லறையிலிருந்து எழுப்பினார். லாசர் திரும்பியது பழைய வாழ்க்கைக்கு, அவருக்கு இன்னொரு சாவு பாக்கி இருந்தது. இயேசுவின் உயிர்ப்பில் அந்தப் பாக்கி கிடையாது. வேறொரு தாய் வயிற்றில் வந்து பிறக்கும் மறுபிறவியும் அல்ல. ஆவியாகவும் வரவில்லை. ஆவியோ என்று சீடர்கள் மிரண்டபோது, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, ஒரு துண்டு மீனை அவர்கள் முன்னாலேயே தின்றார் என்கிறது லூக்கா நற்செய்தி. அதே உடல், ஆனால் பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிற உடல். மகதலா மரியா முதலில் அவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தார்.

உயிர்த்த அந்த நொடியை நான்கு நற்செய்தியாளர்களில் ஒருவரும் எழுதவில்லை. வெறுங்கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். அவர்கள் சொன்னதை ஆண்கள் பிதற்றல் என்று தள்ளினார்கள். கதை கட்டுகிறவன் தன் தலைவர்களை இப்படிக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று எனக்குப் படும். அந்தப் பெண்களில் ஒருவரான மகதலா மரியாவின் நினைவுநாளை அப்போஸ்தலர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தத் திருச்சபைக்கு 2016 வரை ஆனது.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பாய் குறுக்கிட்டார். "ஈசா நபியச் சிலுவையில கொல்லவே இல்ல, அல்லா தன்கிட்ட உயர்த்திக்கிட்டான்னுதான் எங்க நம்பிக்கை."

"அந்த இடத்துலதான் நாம பிரியுறோம் பாய். எங்களுக்கு அவர் நெசமாவே செத்தாகணும். ஞாயித்துக்கிழமை பூசையில பிலாத்து பேரச் சொல்லித்தான் அத அறிக்கையிடுறோம்."

பாய் தலையாட்டிவிட்டு அடுத்த கிளாஸை எடுத்தார்.

நிஜமாகவே செத்ததற்கு அடையாளம் காயம். பரங்கிமலையோடு நாம் சேர்த்துச் சொல்லும் தோமா, ஆணித் தழும்பில் விரலை விட்டால்தான் நம்புவேன் என்றார். சாவையே வென்றவருக்குக் காயத்தை ஆற்றிக்கொள்ளத் தெரியாதா? ஆற்றிக்கொள்ளவில்லை, காட்டினார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில், நீர்கொழும்பு அருகே கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் கோயிலில் பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. அங்கிருந்த உயிர்த்த இயேசுவின் சிலைமேல் ரத்தம் தெறித்தது. அதைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்துக் காத்தார்கள். உயிர்ப்பு என்றால் நடந்த துயரத்தைத் துடைத்துவிடுவது என்று பிரசங்கம் செய்கிறவர்கள் ஒருமுறை அந்தச் சிலைமுன் நின்று பார்க்கலாம்.

தம்பி வேறு பக்கம் போனார். "அப்ப நீங்க எரிக்காமப் புதைக்கிறது இதனாலதானா?"

முக்கியமாக இதனால்தான். கிறிஸ்துவுக்கு நடந்தது கடைசி நாளில் நமக்கும் நடக்கும், ஆன்மாவோடு உடலும் சேர்ந்தே எழும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. பவுல் இதற்கு விதையைச் சொல்கிறார். போடுவது மணி, வருவது பயிர், ஆனாலும் இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் திருமுழுக்கில் ஏற்றுகிற பாஸ்கா திரியை அடக்கப் பூசையில் பெட்டிப் பக்கத்திலும் ஏற்றுகிறோம்.

"அப்ப தத்தனேரி சுடுகாட்டுல எரிச்சாப் பாவமா?"

"இல்ல. 1963லயே அனுமதிச்சாச்சு. உயிர்ப்ப மறுக்குறதுக்காக எரிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனா சாம்பலக் காத்துல தூவக் கூடாது, ஆத்துல கரைக்கக் கூடாது, கல்லறை மாதிரி புனிதமான எடத்துல வைக்கணும்னு 2016ல வத்திக்கான் சொல்லிருக்கு."

"சாம்பலாப் போனவரு எப்படிண்ணே எந்திரிப்பாரு?"

"மண்ணுல மக்கிப்போனவரு எப்படி எந்திரிப்பாரோ, அப்படித்தான்."