சாக்சபோன் பயிற்சி (வயது வந்தோர்)

சாக்சபோன் பயிற்சி என்பது சாக்சபோன் எனப்படும் காற்றிசைக் கருவியை வாசிக்கக் கற்றுக்கொள்வதைக் குறிக்கும். இளமையில் எந்த இசைக்கருவியையும் பயிலாமல், வேலை, குடும்பம் என்று அமைந்த பின்னர் இக்கருவியைக் கையிலெடுப்போர் பலர் உள்ளனர். அவர்களுள் கருநாடக இசையை வாசிக்க விரும்புவோர் எதிர்கொள்ளும் நிலையை இக்கட்டுரை விளக்குகின்றது.

கருவியின் அமைப்பு

பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814 ஆம் ஆண்டு பிறந்த அடோல்ப் சாக்ஸ் என்பவர் இக்கருவியை உருவாக்கி, 1846 இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆனதாயினும், மரக் காற்றிசைக் கருவிகளின் வகையிலேயே இது சேர்க்கப்படுகின்றது. ஒலியைப் பிறப்பிப்பது பித்தளை அன்று. நாணல் தகடு ஒன்றின் அதிர்வே. வாசிப்போர் இதனை ரீட் என்பர். நாதசுவரத்தின் சீவாளியில் இரு நாக்குகள் ஒன்றோடொன்று மோதி அதிரும். சாக்சபோனிலோ ஒற்றைத் தகடு மவுத்பீசின் மீது இறுக்கப்பட்டு அதிர்கின்றது.

சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் ஆகியவை பரவலாக வழங்கும் வகைகள். தொடக்க நிலையினருக்குப் பெரும்பாலும் ஆல்ட்டோவே பரிந்துரைக்கப்படுகின்றது. இதன் எடை ஏறத்தாழ இரண்டரை கிலோகிராம். கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு வாசிக்கலாம்.

கத்ரி கோபால்நாத்

கருநாடக இசையில் சாக்சபோன் என்றதும் நினைவுக்கு வருபவர் கத்ரி கோபால்நாத் (1949-2019). கருநாடக மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் நாதசுவரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தந்தையிடம் நாதசுவரம் பயின்றார். மைசூர் அரண்மனை பேண்டு குழுவில் சாக்சபோன் ஒலிக்கக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். கருவியைத் தம் வசப்படுத்த அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பர். 1994 இல் இலண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசியின் புரொமனேடு இசை விழாவில் வாசித்தார். அதே ஆண்டு வெளிவந்த டூயட் திரைப்படத்தில் அவரது வாசிப்பு இடம்பெற்றது; தமிழ்நாட்டில் பலர் இக்கருவியின் பெயரை அறிந்துகொண்டது அப்படத்தின் வழியாகவே எனலாம். 2004 இல் பத்மசிறீ விருது பெற்றார்.

இருபது ஆண்டு என்பதைக் கண்டு புதியவர் மலைக்கத் தேவையில்லை. அவர் செலவிட்ட காலம் வெறுமனே கருவியைக் கற்பதற்கு மட்டும் ஆனதன்று. கமகத்துக்கு இடமளிக்காத கருவி என்று கருதப்பட்ட ஒன்றில் கமகத்துக்கு வழி கண்டறிவதற்கும் ஆனது.

கமகம் ஏன் கடினம்?

நாதசுவரத்தில் விரல் நேரடியாகத் துளையின் மேல் படிகின்றது. துளையைப் பாதி மூடியும், விரலை மெல்ல விலக்கியும், சீவாளியில் காற்றின் அழுத்தத்தை மாற்றியும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். சாக்சபோனில் துளைகள் பெரியவை. நெம்புகோல்களால் இயங்கும் மூடிகள் அவற்றை அடைக்கின்றன. விரல் துளையைத் தொடுவதே இல்லை. எனவே அசைவின் பெரும் பங்கை உதடும் தாடையும் தொண்டையும் ஏற்கவேண்டும். உதட்டின் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் சுருதி இறங்கும், இறுக்கினால் ஏறும். இதனோடு விரலசைவையும் இணைத்தே கமகம் பெறப்படுகின்றது. இதே தன்மை தொடக்க நிலையினருக்குத் தொல்லையாகவும் அமைகின்றது: பிடி உறுதிப்படும்வரை சுருதி நிலையாக நிற்பதில்லை.

முதல் மாதங்கள்

மேற்பற்கள் மவுத்பீசின் மீது அமர, கீழுதடு கீழ்ப்பற்களின் மேல் சிறிது மடிந்து ரீடைத் தாங்கவேண்டும். உதட்டுத் தசைகள் இதற்குப் பழகாதவை. தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடங்களில் சோர்ந்துவிடும். ஞாயிறன்று மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் அரை மணி நேரம் வாசிப்பதே பயன் தரும். ரீடின் தடிப்பு எண்களால் குறிக்கப்படுகின்றது. பொதுவாக 2 அல்லது அதை ஒட்டிய எண்ணில் தொடங்குவர். தடித்த ரீட் திறமையின் அடையாளம் என்று எண்ணி அவசரப்படுவது வழக்கமான பிழையாகும்.

ஆல்ட்டோவில் ச என்று எழுதப்பட்ட சி சுரத்தை வாசித்தால் இரண்டரைக் கட்டைச் சுருதி ஒலிக்கும்; டெனரில் அதே விரல் நிலை ஆறரைக் கட்டையைத் தரும். சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கு வைத்துவிட்டுக் கருவி பழுது என்று வருந்துவோர் இதனைக் கவனிக்கவேண்டும்.

மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசிக்கும்போது மற்றோர் இடர் எதிர்ப்படும். நடு நிலையில் ச வுக்கு இடக்கையின் ஒரு விரல் போதும். சுத்த ரிஷபத்துக்கு எல்லா விரல்களையும் எடுத்துவிடவேண்டும். தாங்குவதற்கு விரல் இல்லாத அந்தச் சுரம் எளிதில் பிசகும். அதற்கு அடுத்த அரைச்சுரத்துக்கோ ஆறு விரல்களையும் ஒருசேர மூடி, இடக்கைப் பெருவிரலால் எட்டாம் சுர விசையை அழுத்தவேண்டும். ஆறுதலான செய்தி, கீழ், மேல் நிலைகளுக்கு விரல் நிலை பெரும்பாலும் ஒன்றே. கிளாரினெட்டில் இவ்வசதி இல்லை.

வயதின் சாதகமும் பாதகமும்

பல ஆண்டுகள் கேட்டு ஊறிய செவி பெரியவர்க்கு வாய்த்த சொத்து. பிசகிய காந்தாரத்தை அவர் உடனே உணர்வார். சோர்ந்து நிறுத்திவிடுவதற்கும் அதுவே காரணமாகின்றது. பொய்ப்பற்கள் பொருத்தியோருக்கு உதட்டுப் பிடி சிக்கலாகலாம். குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நலம்.

திருத்தணியை அடுத்த மணவூர் போன்ற சிற்றூர்களில் இதற்கென ஆசிரியர் அமைவது அரிது. மணவூர், சென்னை-அரக்கோணம் தொடர்வண்டிப் பாதையில் இருப்பதால் வாரம் ஒருமுறை சென்னை சென்று பயில இயலும். உள்ளூர் பேண்டு வாத்தியக் குழுவின் கிளாரினெட் கலைஞரிடம் மூச்சையும் ரீட் பிடிப்பையும் கற்று, ராகத்தை நாதசுவரக் கலைஞரிடமோ பாட்டாசிரியரிடமோ கற்பது மற்றொரு வழி. சாக்சபோனின் ஒலி சுவர்களைக் கடந்து கேட்கும் என்பதால் அண்டை வீட்டாரிடம் நேரம் பேசிக்கொள்வதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

வாசித்து முடித்தபின் ரீடைக் கழற்றித் துடைத்து உலரவிடவேண்டும். குழலின் உட்புறத்தைத் துணி இழுத்து உலர்த்தவேண்டும். ஈரம் தங்கினால் மூடிகளின் தோல் பட்டைகள் விறைத்துக் காற்று கசியும். அப்போது கீழ் நிலைச் சுரங்களே முதலில் ஒலிக்க மறுக்கும்.