வரி மிச்சமாகும் என்று வீடு வாங்கலாமா?



முதன்முதலாக வீடு வாங்கக் கிளம்பினால், யாரைக் கேட்டாலும் "லோன் போடுங்க, வரி மிச்சமாகும்" என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் ஃபிளாட் பார்க்கப் போனபோதும் விற்பனைக்காரத் தம்பி, "வட்டிக்கு 2 லட்சம், அசலுக்கு ஒன்றரை லட்சம், ஆக மொத்தம் மூன்றரை லட்சம் சலுகைக்கா! இன்னும் 5 லட்சம் கூடப் போட்டு பெரிய வீடாவே எடுத்துக்கோங்க" என்றார். ஆடிட்டர் ஒருவரிடம் கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. நமக்கெல்லாம் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 2 லட்சம் சலுகை என்றால் 2 லட்சம் கையில் வருவதில்லை. வரி போடும் வருமானத்தில் 2 லட்சத்தைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சமாவது 40,000 ரூபாய். செஸ்ஸும் சேர்த்தால் 41,600. ஒன்றரை லட்சம் என்பதும் வீட்டுக்கு மட்டும் தனியாக இல்லை. பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இரண்டாவது, இந்தக் கழிவெல்லாம் பழைய வரி முறையில்தான். 2023-24 முதல் புதிய முறைதான் பொது முறை. பழையது வேண்டுமென்றால் நாமே கேட்டு வாங்க வேண்டும். புதிய முறையில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது.

ஆனால் அதே புதிய முறையில், 2025-26 நிதியாண்டில் சம்பளக்காரர்களுக்கு ஆண்டு வருமானம் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரியே இல்லை. என் வீட்டுக்காரர் சம்பளம் வருடத்துக்கு 8 லட்சம். கட்ட வேண்டிய வரியே பூஜ்யம் என்றால் எதில் மிச்சம் பிடிப்பது? மூன்றரை லட்சம் சலுகையில் எங்களுக்குக் கிடைப்பது ஒரு ரூபாய்கூட இல்லை!

தவணையோ நிஜம். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு 25 லட்சம் வாங்கினால் மாதம் சுமார் 21,700 ரூபாய். 30 லட்சம் என்றால் 26,000-க்கு மேல். அந்த 4,300 ரூபாய் வித்தியாசம் எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை, பால் செலவு. அதனால் 25 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அப்படியானால் நம்மைப் போன்றவர்களுக்குச் சலுகையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0 என்ற திட்டம் 2024-ல் தொடங்கியது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள், வீட்டின் விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்குமே சொந்தமாகப் பக்கா வீடு இல்லாதவர்கள் வட்டி மானியம் கேட்கலாம். அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து வருடத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவாகும். இதில் வீட்டுப் பத்திரத்தில் குடும்பத் தலைவியின் பெயரும் இருக்க வேண்டும் என்பது நமக்குச் சந்தோஷமான சேதி. தமிழ்நாட்டில் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 1-4-2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

வேலைக்குப் போகும் தோழிகள் பழைய முறையில் வரி கட்டினால், பத்திரம், கடன் இரண்டிலும் கணவரோடு தங்கள் பெயரையும் சேர்த்துத் தவணையிலும் பங்கு கட்டட்டும். வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம். ஆனால் வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றுவிட்டால், அசலுக்குக் கழித்ததெல்லாம் திரும்ப வருமானத்தில் சேர்ந்துவிடும். ஜாக்கிரதை!

ஆகவே சகோதரிகளே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள். நாம் எந்த முறையில் வரி கட்டுகிறோம்? போன வருடம் உண்மையில் எவ்வளவு வரி கட்டினோம்? பத்திரத்தில் என் பெயர் இருக்கிறதா? "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றால் விட்டுவிடாதீர்கள். தவணை போக மிச்சத்தில் 20 வருடம் குடும்பம் நடத்தப் போவது நாம்தானே!

- ஒரு வாசகி, திருச்சி.