போர் நாவலும் துறைக்குறிப்பும்

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணையும் துறையும் மட்டுமன்றி, இன்னார் இன்னாரை இன்ன நிலையிற் பாடியது என்னும் குறிப்பும் அமைந்திருத்தலைத் தமிழ் மாணாக்கர் யாவரும் அறிவர். நலங்கிள்ளியையும் நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர்கிழார் பாடிய 45ஆம் பாட்டைக் குறிப்பின்றிப் படிப்போன், இரு திறத்தாரும் ஒரு குடியினரே என்பதைப் பாட்டினின்றே உணர்ந்துகொள்வான். ஆயின், முற்றுகையிடப்பட்டது உறையூர் என்பதும், முற்றியோன் இவன், உள்ளே அடைத்திருந்தோன் இவன் என்பதும் குறிப்பாலேயே தெளிவாகின்றன. பழைய போர்ப்பாட்டுக்கு வேண்டப்படும் இத்துணை இக்காலப் போர் நாவலுக்கு வேண்டாவோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

எடுத்துக்காட்டாக நாம் கொள்வது ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’. ஆசிரியர் 1920இல் சிங்கம்புணரியிற் பிறந்தவர். 1938இல் சுமத்திராவிலுள்ள மெடானுக்கு வேலைக்குச் சென்றவர். போர் முடிந்தபின் 1946இல் தாயகம் மீண்டு மதுரையில் நாளிதழ்ப் பணியில் அமர்ந்தவர். அவருடைய முதல் நாவலாகிய ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும், இந்நாவல் 1972இலும் வெளிவந்தன. சிவகங்கைச் சீமையில் இந்நூலைப் பயிற்றும் ஆசிரியர்க்கு இஃது அயலூர்க் கதை அன்று. எனினும், மாணாக்கர்க்கு அயலதாகவே தோன்றுகிறது. இரண்டாம் உலகப்போர் என்றவுடன் அவர் நினைவில் எழுவன இட்லரும் இரோசிமாவுமே. இந்திய தேசிய இராணுவம் எனின் நேதாஜியின் திருவுருவம் தோன்றும். மெடான் எங்குளது, அங்கே தமிழன் ஏன் இருந்தான் என்னும் வினாக்களுக்கு விடை எழுவதில்லை.

ஆகலின், முதற்கண் விளக்க வேண்டுவது போர் அன்று, கடை என்பது நம் கருத்து. நகரத்தார் பர்மாவில் மட்டும் 1930 அளவில் 1,650 கடைகள் வரை நடத்தினர் என்றும், அங்கே ஈடுபட்ட முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணித்தது. அக்கடைகளிற் பெட்டியடிப் பையனாகப் புகுந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்தலே ஓர் இளைஞனுக்கு விதிக்கப்பட்ட படிமுறை. இப்படிமுறையை அறிந்தவனுக்கே, பாண்டியன் கடையை விட்டுத் துப்பாக்கி ஏந்துவதன் பொருள் விளங்கும். ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் வயிரமுத்துப் பிள்ளை தம் மகள் மரகதத்தைச் செல்லையாவுக்குக் கொடுக்க மறுப்பதும் இதனாலேயே. பட்டாளத்திற்குப் போய்வந்தவன் வட்டிக்கடைக்கு ஆகான் என்பது அவர் துணிபு.

அடுத்துத் தேதிகளைக் காண்போம். 1941 டிசம்பர் 8இல் கோத்தபாருவில் சப்பானியர் இறங்கினர். 11இல் பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8ஆம் நாள் இரங்கூன் சப்பானியர் கைப்பட்டது. அதே நாளில் சாவகத்தில் டச்சுப் படையும் பணிந்தது. 13இல் மெடான் வீழ்ந்தது. இவற்றை நெட்டுருச் செய்வித்தலாற் பயனில்லை. செட்டிநாட்டு வீடொன்றில் அம்மாதம் கடிதத்தை எதிர்நோக்கி இருந்தோரை எண்ணிப் பார்க்கச் சொல்லுதல் வேண்டும். பர்மாக் கடையும் சுமத்திராக் கடையும் ஒரே கிழமையில் தொடர்பற்றுப் போயின அன்றோ!

பணத்தைப் பற்றியும் சிறிது விரித்துரைக்க வேண்டும். சப்பானியர் மலாயாவில் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் பொறிக்கப்பட்டிருந்தமையால் மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றனர். நோட்டுப் பெருகப் பெருக மதிப்புக் குன்றியது. பழைய நல்ல வெள்ளிக் கடனைக் கடன்பட்டோர் இத்தாளைக் கொண்டு தீர்த்தனர். 1945 செப்டம்பரில் பிரிட்டிசார் மீண்டபின் அந்நோட்டு வெற்றுத்தாள் ஆயிற்று. தீர்ந்த கடன் தீர்ந்ததுதானா என்னும் வழக்கைத் தீர்க்க, மலாயாவில் 1948இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. நம் மாணாக்கருட் சிலர் வீட்டுப் பரணில் அக்காலப் பேரேடோ ஐந்தொகையோ இருத்தல் கூடும். வீட்டார் இசைவு பெற்று அதனை வகுப்பிற் காட்டுவாராயின், ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசுவதினும் அது சிறந்த பாடமாகும். போரை நேரிற் கண்டோர் இன்று மிக அருகிவிட்டமையின், ஏடுகளே சான்றாக எஞ்சுகின்றன.

இந்திய தேசிய இராணுவ வரலாற்றிலும் ஒரு திருத்தம் வேண்டும். அது 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபின் தோன்றியதாகப் பலரும் கருதுகின்றனர். 1942இல் மோகன் சிங் தலைமையில் அமைந்த முதற்படை அவ்வாண்டு டிசம்பரிலேயே கலைந்ததை உணர்த்தினால், சப்பானியரிடத்து இந்தியர்க்கு இருந்த ஐயமும் புலனாகும். அந்த ஐயத்தை அறியாதவன் நாவலின் எள்ளலைப் பிழையாகக் கொள்வான். வீரக்கதையை எதிர்பார்த்து வந்த மாணாக்கன் ஆசிரியருக்குப் பற்றில்லை என்று முடிவுகட்டுவான்.

வேறொரு செய்தியும் உண்டு. சிங்காரத்தின் நாவல்களில் நடுவிடம் பெறுவோர் பெரும்பாலும் கடைப் பணியாளரே. அதே போரில் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அவர்களுக்குப் பேரேடும் இல்லை, ஐந்தொகையும் இல்லை. கடையின் ஏட்டையே வரலாறாகக் கொள்ளும் வகுப்பில் இவர்கள் விடுபட்டுப் போவர். வரலாற்றை முன்னர்ப் பயிற்றுவதற்கு இதனினும் வலிய காரணம் நமக்குத் தோன்றவில்லை.

இம்முறைக்கு ஒரு தடையும் கூறப்படும். வரலாற்றைக் கற்றுவந்த மாணாக்கன் நாவலைச் சான்றுப் பத்திரமாகப் படிப்பான் என்பர். நாமும் இதனை வகுப்பிற் கண்டதுண்டு. தேதி பொருந்துகிறதா, தெரு சரியா என்று தேடுகையில், கெர்க் ஸ்ட்ராட் என்னும் தெருப்பெயரின் ஓசையை அவன் கேட்பதே இல்லை. புயலில் தொங்கான் அலைப்புண்ணும் பக்கங்களிலும் அவன் அளவுகோலுடனேயே நிற்கிறான். ஆதலின், முன்னுரைக்கு இரண்டு வகுப்புகளே ஒதுக்குதல் தகும் என்பது நம் துணிபு. சுமத்திராவில் டச்சுக்காரரை எதிர்த்த கொரில்லாப் போர் நாவலின் பிற்பகுதியில் வருதலின், 1945 ஆகஸ்டு 17இல் இந்தோனேசியா விடுதலை அறிவித்த செய்தியை அவ்விடம் வரும்போது கூறினாற் போதும். புறநானூற்றைத் தொகுத்தோரும் குறிப்பைப் பாட்டின் தலையில் வையாது அடியிலேயே வைத்தனர்.