ரஞ்சன்குடிக் கோட்டையும் கையடக்கக் கணினியும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை அடைவதற்குச் சற்று முன்னால் தலைநிமிர்ந்து நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்து போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்; இறங்கிப் பார்த்தவர்கள் சொற்பமே. கர்நாடக நவாபுக்கு உட்பட்டிருந்த ஜாகீர்தார் ஒருவரால் பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்டதென்று கருதப்படும் இக்கோட்டை, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு அரண்களும், அறுத்தெடுத்த கல்லால் எழுப்பிய மதில்களும், அரைவட்டக் கொத்தளங்களும், அவற்றைச் சூழ்ந்த அகழியும் உடையது. 1751ஆம் ஆண்டில், நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில் முகமது அலியின் பக்கம் ஆங்கிலேயரும் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்று இவ்வட்டாரத்தில் மோதிக்கொண்ட வாலிகண்டபுரச் சண்டையோடு இதன் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. அச்சண்டையில் பின்வாங்கிய ஆங்கிலப் படை திருச்சிக் கோட்டைக்குள் போய் ஒதுங்கியதும், அதே ஆண்டின் பிற்பகுதியில் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றியதும், கர்நாடகப் போர்கள் என்ற தலைப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற சரித்திரத்தின் அடுத்தடுத்த அத்தியாயங்கள்.

இந்தச் சரித்திரம் ரஞ்சன்குடியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்று விசாரிக்கப் புகுந்தால், இக்காலத்து ஆசிரியர் பயிற்சியின் குணமும் தோஷமும் ஒருங்கே வெளிப்பட்டுவிடுகின்றன. 2018ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடநூல்களின் பக்க ஓரத்தில் க்யூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. ஆசிரியர் தம் கைபேசியை அதன்மேல் காட்டினால் காணொளி ஓடும். அந்தக் காணொளி கன்னியாகுமரிப் பிள்ளைக்கும் கிருஷ்ணகிரிப் பிள்ளைக்கும் பெரம்பலூர்ப் பிள்ளைக்கும் பொதுவானது. பொதுவானதாக இருப்பதில் பிழையொன்றுமில்லை. ஆனால் நடந்து போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய தூரத்தில் ஒரு பிரத்தியட்சமான கோட்டை நிற்கும்போது, அதைத் தாமே படம்பிடித்து, பிள்ளைகளை அளக்கச் சொல்லி, ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்து ஒரு பாடமாக ஆக்கும் வித்தையை எந்தப் பயிற்சியிலாவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டால், ஆசிரியர்கள் சிரித்துக்கொள்கிறார்கள்.

சாதனங்களுக்குக் குறைவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2024ஆம் ஆண்டில் 79,723 தொடக்கநிலை ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கும் பணியும், 22,931 வகுப்பறைகளைத் திறன்மிகு வகுப்பறைகளாக்கும் பணியும் தொடங்கின. இத்தனை பெரிய அளவில் இத்தகைய ஏற்பாட்டைச் செய்த மாநிலங்கள் அதிகமில்லை. இதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனமாகும்.

பயிற்சிதான் சங்கடமான சமாசாரம். தலைநகரில் வகுக்கப்படும் பயிற்சி மாநிலக் கருத்தாளரிடமிருந்து மாவட்டக் கருத்தாளருக்கும், அவரிடமிருந்து வட்டார வள மையத்துக்கும், அங்கிருந்து குறுவள மையத்துக்கும் இறங்கி, கடைசியில் ஈராசிரியர் பள்ளியின் உபாத்தியாயினியை வந்தடைவதற்குள், நாலு வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கிய மோரைப்போல், நிறம் மட்டும் மிஞ்சி ருசி போய்விடுகிறது. கருத்தாளர்கள்மேல் குற்றமில்லை, அவர்களும் மூன்று நாளில் கேட்டதை ஒரே நாளில் ஒப்பிக்கக் கடமைப்பட்டவர்கள். பள்ளிகள் மூடிக்கிடந்த 2020ஆம் ஆண்டுக்குப் பிறகோ, இந்தப் படிக்கட்டும் பல சமயம் மறைந்து, பயிற்சி என்பது ஒரு ‘லிங்க்’ ஆகிவிட்டது. காணொளியை ஓடவிட வேண்டும். இறுதியில் வினாடி வினாவுக்கு விடை குறிக்க வேண்டும். குறித்த மதிப்பெண் வந்தால் சான்றிதழ் இறங்கும். அதன் ‘ஸ்கிரீன்ஷாட்’டைக் குழுவில் போட வேண்டும். போடாதவர்களுக்கு, “டீச்சர், உங்க ஸ்கூல் இன்னும் பெண்டிங்ல இருக்கு” என்று சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிடும். கற்றுக்கொண்டாரா என்பதைவிட முடித்தாரா என்பதே கேள்வி. முடித்தார் என்பதற்குச் சாட்சி ஒரு படம்.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுப் பணிக்காலத்தில் இரண்டு அல்லது மூன்று மாதகாலப் பயிற்சியாவது கிடைக்க வேண்டும் என்று அபிப்பிராயப்பட்டது. பயிற்சியை மாதக்கணக்கில் அளந்த காலம் அது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்காலம், அமெரிக்காவிடமிருந்து இரவல் பெற்ற செயற்கைக்கோளின் துணைகொண்டு ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிய ‘சைட்’ பரிசோதனையில் தமிழ்நாடு சேரவில்லை. ஆயினும், அதில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் போதிக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க நடந்த முயற்சி நம்மவர்க்கும் படிப்பினை உடையது. பள்ளி விடுமுறையில் ஆசிரியர்களைப் பெட்டியின் முன்னால் கூட்டி, படம் முடிந்ததும் அச்சடித்த ஏட்டைப் பிரித்து, கையால் சோதனைகளைச் செய்து, ஐயங்களைத் தமக்குள் விவாதிக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். பெட்டி பேசிற்று, ஆனால் பக்கத்தில் ஒரு மனிதரும் இருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, இணையம் வந்தபின், அந்த மனிதரை நாம் செலவு மிச்சம் என்று நீக்கிவிட்டோம்.

திரைப்படம் வந்துவிட்டது, இனிப் பள்ளியில் புத்தகத்துக்கு வேலையில்லை என்று தாமஸ் எடிசன் 1913ஆம் ஆண்டில் ஜோசியம் சொன்னார். பிற்பாடு வானொலியைப் பற்றியும் தொலைக்காட்சியைப் பற்றியும் அதே ஜோசியம் சொல்லப்பட்டதையும், ஒவ்வொரு முறையும் யந்திரம் வகுப்பறையின் மூலையில் போய் உட்கார்ந்ததையும் அமெரிக்கக் கல்விச் சரித்திராசிரியர் லாரி கூபன் 1986இல் ஒரு நூலாகவே எழுதிவைத்தார். அதே ஆண்டில் லீ ஷுல்மன் என்பவர், பாடத்தை அறிவது ஒன்று, அப்பாடத்தை இன்ன பிள்ளைக்கு இன்னவாறு சொல்ல வேண்டுமென்று அறிவது வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2006இல், புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் தொழில்நுட்ப அறிவையும் அதனோடு சேர்த்தார்கள். பாடம், போதனை, சாதனம் ஆகிய மூன்றும் ஓர் ஆசிரியரின் உள்ளத்தில் சந்திக்கிற இடத்தில்தான் நல்ல வகுப்பு பிறக்கிறது என்பது அவர்கள் சித்தாந்தம். நமது பயிற்சி அட்டவணைகளில் சாதனத்துக்கு முழுநேரமும், மற்ற இரண்டுக்கு உணவு இடைவேளைக்கு முந்திய பத்து நிமிஷமும் கிடைக்கின்றன.

அந்த முழுநேரமும் எதற்குச் செலவாகிறது என்பதே என்னை வருத்துகிற விஷயம். கையடக்கக் கணினியைக் கொண்டு பிள்ளைக்குப் பின்னம் கற்பிப்பது எப்படி என்பதற்காக அல்ல. எந்தச் செயலியில் எந்தக் கட்டத்தில் எதைப் பதிவு செய்ய வேண்டும், பதிவு ஏறாவிட்டால் என்ன செய்ய வேண்டும், மதிப்பீட்டு வினாத்தாளை எப்படி இறக்க வேண்டும், வருகையை எந்த மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் செலவாகிறது. ஆசிரியர்கள் கூடுமிடத்தில் காதைக் கொடுத்தால், பள்ளித் தகவல்களைப் பதிகிற இணையதளத்தின் பெயரைச் சொல்லி, “எமிஸ் முடிச்சிட்டீங்களா சார்?” என்ற குசலப் பிரச்னமும், “காலையிலிருந்து சுத்திக்கிட்டே இருக்கு, சிங்க் ஆகலை” என்ற பதிலுமே கேட்கின்றன, இன்று ஐந்தாம் வகுப்பில் என்ன நடத்தினீர்கள் என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கிற பழக்கம் அருகிவருகிறது.

ஈராசிரியர் பள்ளியில் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். அறுபது பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம், வகுப்புகளோ ஐந்து. இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்புக்கும் ஒருவராக நிற்கிறார். போனவர் திரும்பி வந்தபின்னும், அவர் கையில் புதிதாகச் சேர்ந்திருப்பது ஒரு செயலியே ஆதலால், தினந்தோறும் ஒரு பகுதி நேரம் அவர் இருந்தும் இல்லாதவராகிறார். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற இம்மாவட்டத்தில், அறுவடைக் காலத்தில் பிள்ளைகளின் வருகை குறைவதைச் சாமானிய மக்களும் அறிவார்கள். அப்படி வராத பிள்ளையின் வீட்டுக்கு மாலையில் நடந்துபோய்த் தாயிடம் பேசுவதற்கு அந்நாளைய உபாத்தியாயருக்கு அவகாசம் இருந்தது. இன்றைக்கு அவர் ‘ஆப்சென்ட்’ என்று பதிந்துவிட்டு, அடுத்த படிவத்துக்குப் போகிறார்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று விதிக்கிறது. 2009ஆம் ஆண்டில் அச்சட்டத்தை எழுதியவர்கள், பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே, கல்வி என்ற பெயரோடேயே, ஒரு குமாஸ்தா உத்தியோகம் வந்து குடியேறும் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இது யாரோ ஓர் அதிகாரியின் துர்ப்புத்தியால் நேர்ந்ததன்று. எண்ணத் தக்கது எதுவோ அதையே எண்ணுவதும், எண்ணியதையே முக்கியமென்று நம்புவதும் கணினியோடு சேர்ந்து வருகிற வியாதி. இடைநின்ற பிள்ளையைக் கண்டுபிடிக்கவும், ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாறுகிறவனைப் பின்தொடரவும் இத்தரவுகள் உதவுகின்றன என்று இதன் ஆதரவாளர் சொல்வதில் உண்மை உண்டு.

தமிழில் தட்டச்சு செய்யும் பயிற்சியைக்கூட ஒழுங்காகக் கொடுத்தபாடில்லை என்பதையும் இங்கே போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தும், 2010இல் யூனிகோடு அரசின் தரமாக ஏற்கப்பட்டும், ஏதோவொரு பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாள் பக்கத்துப் பள்ளிக் கணினியில் கிறுக்கலாக விரிகிற வேடிக்கை இன்னும் ஓயவில்லை.

அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியில் சென்றது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக் கணினிகளில் நிறுவி, வகுப்பறையில் நின்று பழகிய ஆசிரியர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்றுநர்களாக்கி, அவர்களைக் கொண்டே மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பித்தது. 2017இல் அது கைட் என்ற தனி நிறுவனமாயிற்று. அங்கும் குறைகள் இருக்கலாம். ஆனால் யந்திரத்தைத் திறந்து பார்க்கவும், தமக்கேற்றபடி மாற்றிக்கொள்ளவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் அங்கே அஸ்திவாரத்திலேயே போடப்பட்டது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப்போல் இப்படியொரு பயிற்சிக்கு வாய்ப்பான பூமி வேறெங்கே இருக்கிறது? ரஞ்சன்குடியில் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்திய யுத்தத்தின் சாட்சி. சாத்தனூரில், 1940ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன, பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்மரம். காரையின் செம்மண் ஓடைகளிலும் அரியலூரின் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும், இங்கே ஒருகாலத்தில் கடல் இருந்ததென்று சொல்லும் அம்மோனைட் கூடுகள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனின் கோயில். நாலைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை சாத்தனூரில் கூடி, மரத்தை அளந்து, படமெடுத்து, அதைக் கொண்டு ஐந்தாம் வகுப்புக்கு அளவைக் கணக்கும், எட்டாம் வகுப்புக்குப் பாறைகளின் பாடமும், தமிழ் வகுப்புக்கு ஒரு வருணனைக் கட்டுரையும் அவ்விடத்திலேயே தயாரித்து, திங்களன்று தத்தம் வகுப்பில் நடத்திப் பார்த்து, எது பலித்தது எது பலிக்கவில்லை என்று அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டால், அதுவே உத்தமமான தொழில்நுட்பப் பயிற்சி. அதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். கொடுத்த கருவியில் காமிரா இருக்கிறது. வேண்டியது அவகாசமும், பிழைபடுவதற்குச் சுதந்திரமும், மறுநாள் காலையில் யாரும் ‘ரிப்போர்ட்’ கேட்காதிருப்பதும்.

அவகாசத்தை மீட்டுத் தருவதற்கு ஒரே உபாயம், தரவுப் பதிவை ஆசிரியரின் கையிலிருந்து எடுத்து, ஐந்தாறு தொடக்கப்பள்ளிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் அதற்கென்றே ஓர் உதவியாளரிடம் ஒப்படைப்பதுதான். இளைஞர்களுக்கு உள்ளூரில் வேலையும் ஆகும். ஆசிரியருக்கு வகுப்பும் மிஞ்சும். அது வரும்வரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு என்பது சட்டம் தந்த உரிமை. அடுத்த கூட்டத்தில் கழிப்பறையையும் குடிநீரையும் பற்றிக் கேட்டபின், உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் மரியாதையோடு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: சென்ற வாரம் அந்தக் கையடக்கக் கணினி எத்தனை பாடவேளை பிள்ளைகளுக்காகத் திறந்தது, எத்தனை பாடவேளை படிவங்களுக்காகத் திறந்தது? கிடைக்கிற பதிலைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.